கறுப்புப் பட்டையை விடுங்கள், சிவப்பு மையைப் பாருங்கள்

திருச்சி வாசகி ஒருவர் எழுதிய நீண்ட கடிதத்துக்கு இந்த முறை பதில். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கியும் மாற்றியும் இருக்கிறேன். கடிதத்தின் சாரம் இதுதான்.

வாசகிக்கு வயது 61, அவருடைய அம்மாவுக்கு 90. அம்மாவின் அப்பா டாக்டர். 1936-இல் மேற்படிப்புக்காக லண்டனுக்குக் கப்பல் ஏறினார். அப்போது அம்மாவுக்கு ஒரு வயது. இடையில் போர் வந்துவிட, 1946-இல்தான் ஊர் திரும்பினார். லண்டன் வாழ்க்கையைப் பற்றி வாயே திறக்காமல் 1972-இல் காலமானார். பாட்டி மட்டும் ஒருமுறை, பல வருடங்கள் கழித்து, “அங்க ஒண்ணு இருந்துச்சு, போர்லயே போயிருச்சு” என்று சொல்லியிருக்கிறார். எது இருந்தது, எது போனது என்று யாரும் கேட்கவில்லை.

போன வருடம் அம்மாவின் டிரங்குப் பெட்டியை ஒழித்தபோது, பட்டுப்புடவைக்கு அடியில் மண் நிறத்தில் மடித்த ஓர் அட்டை கிடைத்தது. தாத்தாவின் போர்க்கால அடையாள அட்டை. அதிலிருந்த எண்ணை வைத்து, இங்கிலாந்தில் இருக்கும் அக்கா மகன் இணையத்தில் 1939-ஆம் ஆண்டுப் பதிவேட்டின் பக்கத்தைப் பிடித்துவிட்டான். ஒரே முகவரியில் ஏழு வரிகள். நான்காவது வரியில் தாத்தா. ஐந்தாவதில் ஒரு பெண், அவர் பெயருக்கு முன்னால் தாத்தாவின் பெயரே குடும்பப் பெயராக இருக்கிறது. அதை அடித்து, மேலே சிவப்பு மையில் வேறொரு பெயர், பக்கத்தில் 49 என்ற எண். ஆறாவது வரி முழுக்கக் கறுப்புப் பட்டை. ‘இந்தப் பதிவு மூடப்பட்டுள்ளது’ என்று வருகிறது.

வாசகியின் கேள்விகள்: “அந்தக் கறுப்பு வரி என் மாமாவா, சித்தியா? ரத்த சொந்தம் என்ற முறையில் தகவல் உரிமைச் சட்டப்படி கேட்டால் தந்துதானே ஆக வேண்டும்? அந்தப் பெண்ணுக்கு ‘சம்பளமில்லாத வீட்டு வேலை’ என்று போட்டிருக்கிறது. தாத்தா வேலைக்காரியிடமா இப்படி நடந்துகொண்டார்? யாரோ பெயரைத் திருத்தியிருக்கிறார்களே, இது மோசடியா? பாட்டியின் கல்யாணம் செல்லாமல் போய்விடுமா? சின்ன மாமா, ‘சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுக்காதே, வீட்டுக்குப் பங்கு கேட்டு வந்துவிடுவார்கள்’ என்கிறார். அம்மாவிடம் சொல்வதா, வேண்டாமா?”

அன்புச் சகோதரிக்கு,

முதலில் அந்த வேலைக்காரி விஷயத்தை முடித்துவிடுவோம், கடிதத்தில் உங்களை அதிகம் வருத்தியது அதுதான் என்று தெரிகிறது. அது இல்லத்தரசியைக் குறிக்க அரசாங்கம் வைத்த சொல். வெளியில் வேலைக்குப் போகாமல் வீட்டைப் பார்த்துக்கொண்ட பெண்களுக்கெல்லாம் அந்தப் பதிவேட்டில் அப்படித்தான் எழுதினார்கள். லட்சக்கணக்கான வரிகளில் இதே சொற்கள் இருக்கும், வேறு வேலை குறிக்கப்படாத டாக்டர் மனைவிக்கும் இதேதான். உங்கள் அக்கா மகன் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்துவிட்டான், அவ்வளவுதான்.

அது எதற்காக எடுத்த கணக்கு?

நீங்கள் கடிதம் முழுக்க ‘சென்சஸ்’ என்றே எழுதியிருக்கிறீர்கள். இது சென்சஸ் இல்லை. இந்த வித்தியாசம் தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். போர் தொடங்கிய இரண்டாவது நாளே, 1939 செப்டம்பர் 5 அன்று, தேசியப் பதிவுச் சட்டம் நிறைவேறியது. செப்டம்பர் 29, வெள்ளிக்கிழமை இரவு யார் யார் எந்த வீட்டில் இருக்கிறார்கள் என்பதைப் படிவத்தில் எழுதச் சொன்னார்கள். சுமார் 65,000 கணக்கெடுப்பாளர்கள் வீடு வீடாகப் படிவம் கொடுத்து, ஞாயிறும் திங்களும் திரும்பப் போய் வாங்கி, வாசலிலேயே அடையாள அட்டையை எழுதிக் கொடுத்தார்கள். உங்கள் கையில் இருப்பது அப்படி வந்த அட்டையாகத்தான் இருக்க வேண்டும். அதில் உள்ள எழுத்துகள் வட்டாரத்தைக் குறிக்கும், அடுத்த எண் அந்த வீட்டின் படிவத்தை, கடைசி எண் அந்தப் படிவத்தில் அவர் எத்தனையாவது ஆள் என்பதை. நீங்கள் எழுதியதில் கடைசி எண் 4. பதிவேட்டிலும் தாத்தா நான்காவது வரி. ஆக, பக்கம் சரியான பக்கம்தான், அதில் சந்தேகம் வேண்டாம்.

ராணுவத்துக்கு ஆள் எடுப்பது, அட்டை கொடுப்பது, ரேஷன் இவற்றுக்காக எடுத்த கணக்கு இது. உறவுமுறை எழுத அதில் பத்தியே கிடையாது. பெயர், ஆணா பெண்ணா, பிறந்த தேதி, மணமானவரா, என்ன வேலை, அவ்வளவுதான். இதை நீங்கள் கவனிக்க வேண்டும். தாத்தாவுக்கும் அந்தப் பெண்ணுக்கும் எதிரே மணமானவர் என்ற எழுத்து இருப்பதை வைத்து, இருவரும் ஒருவரையொருவர் மணந்தவர்கள் என்று முடிவு கட்டிவிட்டீர்கள். பதிவேடு அப்படிச் சொல்லவில்லை. உங்கள் தாத்தாவுக்குத் திருச்சியில் மனைவி இருந்தார், எனவே மணமானவர் என்று எழுதியது எப்படிப் பார்த்தாலும் பொய் இல்லை. எந்த மனைவியை மனதில் வைத்துச் சொன்னார் என்று அந்தக் கட்டத்தில் தெரியாது. இருவருக்கும் ஒரே குடும்பப் பெயர் என்பது கனமான குறிப்பு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பதிவாளர் முன் கையெழுத்துப் போடாமலே ஒரே பெயரில் வீடெடுத்து இருந்தவர்கள் அன்றும் உண்டு.

இன்னொன்று, தாத்தாவின் பிறந்த தேதி பாட்டி சொன்னதோடு ஒத்துப்போகவில்லை என்று கவலைப்பட்டிருந்தீர்கள். அந்தக் காலத்தில் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் போட்ட தேதிதான் பலருக்கும் கடைசிவரை பிறந்த தேதி. அதை விட்டுவிடுங்கள்.

கறுப்புப் பட்டைக்குப் பின்னால்

விதி எளிது. பிறந்து 100 வருடம் ஆகாதவர், இறந்ததற்கும் ஆதாரம் இல்லை என்றால், உயிரோடு இருக்கிறார் என்றே எடுத்துக்கொண்டு அந்த வரியை மறைப்பார்கள். இதிலிருந்து இரண்டு விஷயங்களை நாமே ஊகிக்கலாம்.

ஒன்று, அந்த வரியில் இருப்பவர் 1939-இல் ஏறக்குறைய பதினான்கு வயதுக்குள் இருந்த ஒருவர். கைக்குழந்தையாகவும் இருக்கலாம், பள்ளி மாணவராகவும் இருக்கலாம். ஏழு வரிகளும் ஒரே குடும்பம் இல்லை என்பது நீங்கள் அனுப்பிய பெயர்களிலேயே தெரிகிறது. அது அறைகளை வாடகைக்கு விட்ட வீடு. ஆறாவது வரி ஐந்தாவது வரிக்கு அடுத்து வருவதால் அந்தப் பெண்ணின் குழந்தை என்று நினைப்பது நியாயமே, பெரும்பாலும் அந்த வரிசையில்தான் எழுதுவார்கள். ஆனால் ஏழாவது வரியில் உள்ளவரின் குழந்தையாகவும் இருக்கலாம். தவிர, பாட்டி சொன்ன அந்த ‘ஒண்ணு’ எந்த வருடம் பிறந்தது என்று உங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. 1940-லோ 43-லோ பிறந்திருந்தால் அந்தப் பக்கத்தில் இருக்கவே இருக்காது.

இரண்டாவது விஷயம் பாட்டியின் வாக்கியத்தையே கொஞ்சம் அசைக்கிறது. இந்தப் பதிவேட்டைப் போரோடு மூடி வைத்துவிடவில்லை. அடையாள அட்டை முறையை 1952-இல் நிறுத்திய பிறகும், தேசிய சுகாதார சேவையின் மத்தியப் பதிவேடாக 1991 வரை இதையே பயன்படுத்தினார்கள். யாராவது இறந்தால் அந்த வரியில் குறிப்பார்கள், அப்படிக் குறித்த வரிகளைத் திறந்தும் விட்டார்கள். ஆக, ஆறாவது வரியில் இருப்பவர் குண்டுவீச்சில் இறந்திருந்தால் அந்த வரி இன்று திறந்திருக்க வேண்டும். வெளிநாடு போனவர்கள் விஷயத்தில் குறிப்பு விடுபட்டிருக்கலாம், எழுத்தரின் பிழையும் உண்டு. அதனால் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் ‘போர்லயே போயிருச்சு’ என்றால் செத்துப்போச்சு என்றுதான் பொருளா? போரோடு விட்டுப்போனது என்றும் இருக்கலாமே. பாட்டிக்குத் தாத்தா என்ன சொன்னாரோ, பாட்டி எதைச் சொல்ல விரும்பினாரோ.

இதைச் சரிபார்க்க ஒரு வழி இருக்கிறது. போரில் இறந்த பொதுமக்கள் 60,000-க்கும் மேற்பட்டோரின் பட்டியலைக் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் வைத்திருக்கிறது. இணையத்தில் இலவசமாகத் தேடலாம். தாத்தாவின் பெயரைக் குடும்பப் பெயராகப் போட்டு ஒருமுறை பாருங்கள். நம் பெயர்களை அவர்கள் எப்படியெல்லாம் கடித்துத் துப்பியிருப்பார்கள் என்பதால் நாலைந்து எழுத்துக்கூட்டலில் தேடுங்கள்.

ரத்த சொந்தம் என்றால் உரிமை உண்டா?

இல்லை. இதை வருத்தத்தோடுதான் சொல்கிறேன். நீங்கள் எழுதி வைத்திருக்கும் தகவல் உரிமை மனுவை அனுப்ப வேண்டாம். அனுப்பக் கூடாது என்று சட்டம் சொல்லவில்லை. நான் இருக்கும் இங்கிலாந்தின் 2000-ஆம் ஆண்டுச் சட்டப்படி எந்த நாட்டுக்காரரும் கேட்கலாம். நம் ஊர்ச் சட்டத்தில் 30 நாள் என்பது போல் இங்கே 20 வேலை நாளில் பதிலும் வரும். அந்தப் பதில், இது உயிரோடிருக்கக்கூடிய ஒருவரின் சொந்த விவரம், தர இயலாது என்றுதான் இருக்கும். நீங்கள் பேத்தி என்பதோ, அம்மாவுக்கு 90 வயது என்பதோ கணக்கில் வராது. இறந்தவருக்குத் தகவல் பாதுகாப்புச் சட்டம் இங்கே பொருந்தாது. தாத்தாவின் வரி திறந்திருப்பது, அவர் பிறந்து 100 வருடம் தாண்டிவிட்டதால்.

மூடிய வரியைத் திறக்கக் கேட்கும் முறையும் இருக்கிறது. பதிவேட்டை வைத்திருக்கும், லண்டனின் கியூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்திடமோ, அதை இணையத்தில் வெளியிட்ட நிறுவனத்திடமோ, அந்த நபரின் இறப்புச் சான்றிதழைக் காட்ட வேண்டும். கோளாறு எங்கே என்று பார்த்தீர்களா? ஆள் யார் என்று தெரிந்தால்தான் இறப்புச் சான்றிதழ் வாங்க முடியும். ஆள் யார் என்று தெரியாததால்தான் வரியைத் திறக்கச் சொல்கிறீர்கள். என்னிடம் வருபவர்களில் பாதிப்பேர் இந்தக் கறுப்புப் பட்டையிலேயே தலையை முட்டிக்கொண்டு ஒரு வருடத்தைத் தொலைத்துவிட்டு வருகிறார்கள்.

உங்களுக்கு அந்தத் தேவையே இல்லை. அதற்கு மேல் வரியில் சிவப்பு மை இருக்கிறதே.

சிவப்பு மை சொல்வது

அது மோசடி இல்லை. பதிவேட்டைப் பிற்காலத்தில் பயன்படுத்திய எழுத்தர்கள், பெண்கள் மணம் செய்து பெயர் மாறியபோது பழைய பெயரை அடித்துப் புதியதை மேலே எழுதினார்கள். வம்சாவளி தேடுபவர்களுக்கு இதைவிடப் பெரிய அதிர்ஷ்டம் கிடையாது. அந்தப் பெண் 1949-இலோ அதற்குச் சற்று முன்போ இன்னொருவரை மணந்திருக்க வேண்டும். சற்று முன்பு என்று சொல்வதற்குக் காரணம், பக்கத்தில் இருக்கும் தேதி பெரும்பாலும் தகவல் வந்து சேர்ந்த தேதி, திருமணத் தேதி அல்ல.

இங்கிலாந்தில் பிறப்பு, திருமணம், இறப்புச் சான்றிதழ்களை யார் வேண்டுமானாலும், யாருடையதை வேண்டுமானாலும் வாங்கலாம். உறவு என்று நிரூபிக்கத் தேவையில்லை. நம் ஊரிலிருந்து பார்த்தால் விசித்திரமாக இருக்கும், ஆனால் அதுதான் சட்டம். பதிவேட்டில் மறைத்த அதே ஆளின் பிறப்பு, பொதுப் பதிவு அலுவலகத்தின் அட்டவணையில் எல்லோரும் பார்க்கும்படி கிடக்கிறது. கட்டணமும் பத்துப் பதினைந்து பவுண்டுக்குள்தான்.

நான் செய்யச் சொல்லும் வரிசை இது:

முதலில் 1947 முதல் 1949 வரையான திருமண அட்டவணையில் அந்தப் பெண்ணைத் தேடுங்கள். இரண்டு குடும்பப் பெயர்களும் உங்களிடம் இருக்கின்றன. தாத்தாவின் பெயரில் கிடைக்காவிட்டால், அவர் பிறந்த வீட்டுப் பெயரில் மணந்திருக்கலாம், புது மாப்பிள்ளையின் பெயரையும் அவருடைய முதல் பெயரையும் வைத்துப் பாருங்கள். சான்றிதழ் வந்ததும் ‘நிலை’ என்ற பத்தியைப் படியுங்கள். விதவை, முந்தைய மணம் ரத்தானவர், மணமாகாதவர், இதில் எது எழுதியிருக்கிறதோ அது உங்கள் தாத்தாவைப் பற்றி அந்தப் பெண் சொன்ன ஒரே வார்த்தை. அதே தாளில் அவருடைய அப்பா பெயர் இருக்கும், அதிலிருந்து பிறந்த வீட்டுப் பெயர் தெரிந்துவிடும்.

அடுத்து அந்தப் பிறந்த வீட்டுப் பெயரோடு பிறப்பு அட்டவணைக்குப் போங்கள். 1911-இன் பிற்பகுதியிலிருந்து ஒவ்வொரு பிறப்புக்கும் எதிரே தாயின் பிறந்த வீட்டுப் பெயர் இருக்கிறது. 1937 முதல் 1946 வரை தாத்தாவின் பெயரில் ஒரு தடவை, பெண்ணின் சொந்தப் பெயரில் ஒரு தடவை தேடுங்கள். இரண்டாவதில் கிடைத்தால் அவர்கள் மணம் செய்துகொள்ளவில்லை என்று பொருள் கொள்ளலாம். மணமாகாத தாயின் குழந்தைக்கு, தந்தை நேரில் வந்து கையெழுத்திட்டால்தான் அவர் பெயர் பதிவாகும். தாத்தா கையெழுத்திட்டாரா என்பதைச் சான்றிதழில் பாருங்கள்.

பிறந்த தேதி கிடைத்த பிறகு இறப்பு அட்டவணை. 1969 நடுவிலிருந்து அதில் பிறந்த தேதியும் இருப்பதால் ஆளை உறுதி செய்வது சுலபம். பெண் குழந்தை என்றால் அவருடைய திருமணத்தை முதலில் தேட வேண்டியிருக்கும். இறப்பு கிடைத்தால், அப்போது வேண்டுமானால் கறுப்புப் பட்டையைத் திறக்கச் சொல்லிக் கேளுங்கள். அதற்குள் உங்களுக்கு அது தேவைப்படாது.

பாட்டியின் கல்யாணமும் மாமாவின் பயமும்

பாட்டியின் திருமணத்துக்கு ஒரு குறையும் வராது. முந்தியது அதுதான். தாத்தா ஊர் திரும்பிய 1946-இலேயே இங்குள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏறக்குறைய இதே கதையில் தீர்ப்புச் சொன்னது. இந்தியாவில் இந்து முறைப்படி மணந்த மனைவி இருக்க, லண்டன் பதிவு அலுவலகத்தில் ஆங்கிலேயப் பெண்ணை மணந்தவர் ஒருவர். இந்துத் திருமணம் பலதார மணத்துக்கு இடம் தருவது, இங்கே அது செல்லாது என்று அவர் தரப்பில் வாதம். நீதிபதிகள் ஏற்கவில்லை. முதல் திருமணம் திருமணமே, ஆகவே லண்டன் திருமணம்தான் செல்லாது என்றார்கள். சென்னை மாகாணத்தில் இந்து ஆண்கள் இரண்டாம் தாரம் கட்டுவதை 1949-இல்தான் சட்டம் தடுத்தது, அதனால் ஊர்ப்பார்வையில் தாத்தா குற்றவாளியும் இல்லை. அந்தப் பெண் என்ன நம்பி அவரோடு இருந்தார் என்பது வேறு கேள்வி. பாதிக்கப்பட்டவர் பட்டியலில் பாட்டியோடு அவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மாமாவின் பயத்தை நான் கேலி செய்ய மாட்டேன். ஆனால் நீங்கள் தேடுவதால் யாருக்கும் புதிதாகப் பங்கு முளைத்துவிடாது. உரிமை என்று ஒன்று இருந்தால் அது 1972-இல் தாத்தா இறந்த அன்றே இருந்திருக்கும். செல்லாத திருமணத்தில் பிறந்த பிள்ளையின் நிலை, இத்தனை வருட அனுபோகம், வீடு எப்படி வந்த சொத்து, இவையெல்லாம் நம் நாட்டுச் சட்டம். நான் இங்கே வக்கீல், அதில் கருத்துச் சொல்வது சரியில்லை. பத்திரங்களை எடுத்துக்கொண்டு திருச்சியிலேயே ஒரு சிவில் வழக்கறிஞரைப் பாருங்கள், மாமாவையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

ஆள் உயிரோடு இருந்தால் என்ன செய்வீர்கள் என்பதுதான் எனக்குப் பெரிய கேள்வி. அவருக்கு 80 தாண்டியிருக்கும். சிவப்பு மைப் பெயருக்குரியவரைத்தான் அவர் அப்பா என்று நினைத்து வளர்ந்திருக்கலாம். முகநூலில் பேரனைப் பிடித்துப் படங்களை அனுப்பும் வேலையை அக்கா மகன் செய்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வயதான ஒருவரின் வீட்டுக்குள் அப்படி நுழையக் கூடாது. குழந்தை தத்துப் போயிருந்தால் பிறப்புப் பதிவின் ஓரத்தில் ‘தத்து’ என்ற குறிப்பு இருக்கும். அப்போது பொதுப் பதிவு அலுவலகத்தின் தத்துத் தொடர்புப் பதிவேட்டில் உறவினர் என்று அம்மாவின் பெயரைப் பதிவு செய்யலாம், எதிர்ப்பக்கமும் விரும்பிப் பதிவு செய்திருந்தால் இணைப்பார்கள். தத்து இல்லை என்றால், நிதானமான ஒரு கடிதம், ஒரே ஒரு தடவை. எழுதும்போது வரைவை எனக்கு அனுப்புங்கள்.

அம்மாவிடம் சொல்லலாமா என்றீர்கள். அந்த அட்டை பட்டுப்புடவைக்கு அடியில் இருந்தது, தாத்தாவின் காகிதங்களோடு அல்ல. பெட்டி அம்மாவுடையது. எதையும் ‘சொல்ல’ வேண்டாம், அட்டையை அவர் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள்.

அப்புறம், நீங்கள் அட்டையின் முன்பக்கத்தை மட்டும்தான் படம் எடுத்து அனுப்பியிருக்கிறீர்கள். விரித்துப் பாருங்கள். வீடு மாறும்போதெல்லாம் பதிவு அலுவலகத்தில் புது முகவரியை உள்ளே எழுதி முத்திரை குத்துவார்கள். கடைசி முகவரி எது, எந்தத் தேதி என்று பார்த்து எழுதுங்கள். அந்தப் பெண்ணின் மறுமணச் சான்றிதழிலும் ஒரு முகவரி இருக்கும்.